டயாலிசிஸ் ஓடும்போதே கழிவு இறங்குவதை ஒளியால் கண்காணிப்பது: முழுமையான வழிகாட்டி

ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வடிகட்டியான டயாலைசரைத் தாண்டி வடிகாலுக்குப் போகும் நீரில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, கழிவு எவ்வளவு வெளியேறுகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் காட்டும் வசதி இப்போது பல இயந்திரங்களில் இருக்கிறது. பி. பிரான் இயந்திரங்களில் அதற்கு ‘அடிமியா’ என்று பெயர். நிக்கிசோவில் ‘டி.டி.எம்.’ என்பார்கள். திரையில் ஒரு கோடு இறங்கும், பக்கத்தில் கே.டி/வி எண் (உடல்நீர் அளவோடு ஒப்பிட்டால் எவ்வளவு சுத்திகரிப்பு கிடைத்தது என்ற அளவு) மெல்ல ஏறும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் முடிவில் அந்த எண்ணை மட்டும் சார்ட்டில் எழுதிவிட்டு அடுத்த நோயாளிக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் கோடு சொல்ல வந்த விஷயம் அங்கேயே நின்றுவிடுகிறது.

டயாலிசிஸ் டெக்னீஷியன்களுக்கும் நர்ஸ்களுக்கும் இதை எழுதுகிறேன். நோயாளியின் வீட்டாரும் படிக்கலாம். கருவியின் கையேட்டுக்கு இது மாற்றாகாது. கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

1. சென்சார் எதைப் பார்க்கிறது

முதலில் இது தெளிவாக வேண்டும். சென்சார் ரத்தத்தைப் பார்ப்பதே இல்லை. டயாலைசரில் ரத்தத்தின் மறுபக்கம் ஓடிக் கழிவை வாங்கிக்கொண்டு வெளியேறும் நீரான டயாலிசேட்டை மட்டும்தான் பார்க்கிறது. பின்னால் வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இதை மறப்பதால் வருபவை.

ஒரு பக்கம் ஒளி விளக்கு, எதிர்ப்பக்கம் ஒளியை அளக்கும் கருவி, நடுவில் நீர். ஒளியின் அலைநீளம் சுமார் 280 நானோமீட்டர். புதிய டயாலிசேட் இந்த ஒளியை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். கழிவு கலந்த நீர் அதில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சல் 1 என்று காட்டினால் பத்தில் ஒரு பங்கு ஒளிதான் மறுபக்கம் வந்தது. 2 என்றால் நூறில் ஒரு பங்கு. கழிவின் செறிவு இரட்டிப்பானால் இந்த எண்ணும் இரட்டிப்பாகும்.

ஒளியை உறிஞ்சுவது யூரியா என்று பலரும் நினைக்கிறார்கள். யூரியா இந்த அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சுவதில்லை. பெரும்பகுதியை உறிஞ்சுவது யூரிக் அமிலம். அதன் உச்சம் 293 நானோமீட்டர் அருகே இருக்கிறது. யூரியாவின் மூலக்கூறு எடை 60, யூரிக் அமிலத்துடையது 168. இரண்டும் சிறிய மூலக்கூறுகள், டயாலைசரில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் இறங்குகின்றன. அதனால்தான் ஒன்றைப் பார்த்து மற்றதைக் கணிக்க முடிகிறது. சென்சார் காட்டும் யூரியாக் குறைவு ஒரு கணிப்பு என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பிரெசீனியஸ் இயந்திரங்களில் உள்ள ‘ஓ.சி.எம்.’ ஒளியால் இயங்குவதில்லை. அது டயாலிசேட்டின் மின்கடத்துத்திறனை மாற்றிப் பார்த்து டயாலைசரின் சுத்திகரிப்பு வேகத்தைக் கணக்கிடுகிறது. அதற்கு நோயாளியின் உடல்நீர் அளவை நாம் கொடுத்தாக வேண்டும். கொடுத்தது தவறானால் கே.டி/வியும் தவறும். ஒளி முறை கோடு இறங்கும் விகிதத்திலிருந்தே கணக்கிடுவதால் உடல்நீர் அளவு தேவைப்படாது. இரண்டு வகை இயந்திரங்களும் உள்ள யூனிட்டில், ஒரே நோயாளி இன்று இதிலும் நாளை அதிலும் படுத்தால், இரண்டு எண்களையும் ஒரே வரிசையில் எழுதி ஒப்பிடாதீர்கள்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இன்றைய எடை, உலர் எடை (தேங்கிய நீர் போன பின் இருக்க வேண்டிய எடை), இறக்க வேண்டிய நீரின் அளவு, மருத்துவர் எழுதிய நேரம், இலக்கு கே.டி/வி. இதே நோயாளியின் கடைசி மூன்று நான்கு முறைகளின் முடிவுகளும் வேண்டும். ஒரு நாளின் எண்ணைத் தனியாகப் பார்த்தால் அது நல்லதா கெட்டதா என்று பல நேரம் தெரியாது. அவருடைய வழக்கத்தோடு வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

டயாலைசரை மறுபயன்பாடு செய்யும் இடமென்றால், இது எத்தனையாவது முறை, உள்ளே ரத்தம் ஓடும் நாரிழைகளின் கொள்ளளவு எவ்வளவு மிச்சம் என்பதையும் எழுதிவையுங்கள். தொடக்க அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போன டயாலைசரை மாட்டக் கூடாது.

மருந்தும் கேளுங்கள். நேற்று இரவு காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போட்டாரா? பாராசிட்டமாலும் அது உடலில் உடைந்து உண்டாகும் பொருட்களும் புற ஊதா ஒளியை உறிஞ்சும். டயாலிசிஸ் நடுவில் ஊசி வழியாகக் கொடுத்தால் கோடு காரணமில்லாமல் மேலே ஏறுவது போலத் தெரியும். அதற்காக மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். கொடுத்த நேரத்தைச் சார்ட்டில் குறித்தால் போதும்.

3. பூஜ்யம் சரியாக அமையட்டும்

கழிவு இல்லாத டயாலிசேட்டை ஓடவிட்டு இயந்திரம் தன் பூஜ்யத்தை எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் நீரில் வேறு எதுவும் கலந்திருக்கக் கூடாது. முன்பு செய்த கிருமி நீக்கத்தின் மிச்சம்தான் இங்கே முக்கியமான எதிரி. சோடியம் ஹைப்போகுளோரைட் 292 நானோமீட்டரில் ஒளியை நன்றாக உறிஞ்சும், அதாவது யூரிக் அமிலம் உறிஞ்சும் அதே இடத்தில். அலசல் முழுமையாக முடியாமல் பூஜ்யம் எடுத்தால் முழு சிகிச்சையின் கணக்கும் சாயும். அதைவிட, அந்த மிச்சம் நோயாளிக்கே ஆபத்து. எனவே மிச்சம் பார்க்கும் பட்டையை நனைத்துப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது.

பைகார்பனேட் ஓடும் இயந்திரங்களில் கால்சியம் கார்பனேட் படியும். அது சென்சாரின் கண்ணாடியிலும் படியும். சிட்ரிக் அமிலம் போட்டுச் சுடுநீரில் ஓட்டும் சுழற்சியைத் தள்ளிப்போடும் யூனிட்டுகளில் ஒளி அளவீடு மெல்ல மெல்லக் கெடும். ஒரே நாளில் கெடாது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. சுய பரிசோதனையில் ஒளி சென்சார் தவறு என்று வந்தால், சரி பண்ணிக்கலாம் என்று தாண்டிப் போகாதீர்கள். கண்காணிப்பை அணைத்துவிட்டு டயாலிசிஸ் நடத்தலாமா என்பதைப் பொறியாளரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். சென்சாரை நாமே கழற்றக் கூடாது.

4. எண்களை உள்ளிடும்போது

திரை எடையைக் கேட்கும். டயாலிசிஸுக்கு முந்தைய எடையா, முடிந்த பிறகு எதிர்பார்க்கும் எடையா என்று பார்த்து உள்ளிடுங்கள். நீர் இறங்குவதாலும் கழிவு கொஞ்சம் வெளியேறுகிறது. அந்தப் பங்கைக் கணக்கில் சேர்க்கத்தான் எடை. 60 கிலோவுக்குப் பதில் 80 என்று போட்டால் கே.டி/வி கொஞ்சம்தான் மாறும். அதனாலேயே இந்தத் தவறு பல மாதம் பிடிபடாமல் ஓடும்.

இலக்கு ஒற்றைக் குள மாதிரிப்படியா (உடல்நீரை ஒரே தொட்டியாகக் கொள்வது), சமநிலைப்படுத்தியதா (முடிந்த பின் திசுக்களிலிருந்து ரத்தத்துக்குத் திரும்பும் கழிவையும் சேர்ப்பது) என்பதையும் பாருங்கள். இரண்டுக்கும் இடையே 0.2 அளவு வித்தியாசம் வரும். யூனிட் முழுக்க ஒரே வகையை வைத்துக்கொள்ளுங்கள்.

5. முதல் கால் மணி நேரம்

ரத்தம் டயாலைசருக்குள் போனதும் கோடு விறுவிறுவென்று ஏறும், பிறகு தடுமாறும், அப்புறம் இறங்கத் தொடங்கும். ரத்த ஓட்டத்தை நிமிடத்துக்கு 150, 200, 300 மில்லிலிட்டர் என்று நாம் படிப்படியாக ஏற்றுவதால்தான் இந்தத் தடுமாற்றம். இதிலிருந்து தொடக்க மதிப்பை எடுக்காதீர்கள். ரத்த ஓட்டமும் டயாலிசேட் ஓட்டமும் அன்றைய அளவுக்கு வந்து ஐந்து பத்து நிமிடம் நிலையாக நின்ற பிறகு உள்ள மதிப்புதான் தொடக்கம்.

கோடு ஏறவே இல்லையா? டயாலிசேட் கப்ளிங் சரியாக மாட்டியிருக்கிறதா, இயந்திரம் பைபாஸில் நிற்கிறதா என்று பாருங்கள். பைபாஸில் புதிய டயாலிசேட் டயாலைசரைத் தொடாமல் நேராக வடிகாலுக்குப் போகும். சென்சாருக்கு முன்னால் சுத்தமான நீர் மட்டுமே ஓடும்.

6. கோட்டைப் படிப்பது

இந்த வேலையின் உயிர் இங்கேதான். நிதானமாகப் படியுங்கள்.

நல்ல டயாலிசிஸில் கோடு முதலில் செங்குத்தாகவும் போகப்போகச் சாய்வு குறைந்தும் இறங்கும். ரத்தத்தில் கழிவு குறையக் குறைய வெளியேறும் கழிவும் குறைவதுதான் காரணம். தோராயமாக ஒவ்வொரு மணி நேர முடிவிலும் முந்தைய மதிப்பில் முக்கால் பங்கு மிச்சம் இருக்கும். 1.60-இல் தொடங்கினால் முதல் மணி முடிவில் 1.18, அடுத்து 0.88, 0.65, நான்காம் மணியில் 0.48. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் எந்த மணி நேரத்தில் விலகியது என்று சட்டென்று தெரியும்.

திடீரென்று பூஜ்யம் வரை விழுந்து சில நிமிடத்தில் பழைய இடத்துக்கே திரும்பினால் அது பைபாஸ் அல்லது இயந்திரம் நடுவில் செய்துகொள்ளும் சுய பரிசோதனை. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அடிக்கடி வந்தால் அத்தனை நிமிடங்கள் டயாலிசிஸ் நடக்கவில்லை என்று பொருள். 240 நிமிடத்தில் 25 நிமிடம் அலாரத்தில் போயிருந்தால் நோயாளிக்குக் கிடைத்தது 215 நிமிடம். மெல்லிய ஊசி போன்ற கூர்கள் பெரும்பாலும் காற்றுக் குமிழ்கள்.

இப்போது முக்கியமான இடம். கோடு ஒரு படி கீழே இறங்கி, அங்கேயே தட்டையாக ஓடினால்?

புதியவர்கள் மகிழ்ந்துபோவார்கள், கழிவு நன்றாகக் குறைந்துவிட்டது என்று. உண்மையில் நடந்தது நேர்மாறாக இருக்கலாம். ரத்த ஓட்டம் 300-லிருந்து 200-க்குக் குறைந்தால் டயாலைசருக்குள் வரும் கழிவு குறைகிறது, வெளியேறும் கழிவும் குறைகிறது, கோடு இறங்குகிறது. ரத்தம் சுத்தமாகவில்லை. கழிவு உடலுக்குள்ளேயே நிற்கிறது. டயாலைசரில் ரத்தம் உறையத் தொடங்கினாலும் இதே காட்சிதான். நாரிழைகள் ஒவ்வொன்றாக அடைபடும், வெளியேறும் கழிவு குறையும், கோடு அழகாக இறங்கும்.

எண்ணில் பாருங்கள். தொடக்கம் 1.60. கடைசி அரை மணியில் உண்மையான மதிப்பு 0.52 ஆக இருந்திருக்க வேண்டும், அதாவது 67.5 சதவீதக் குறைவு. அழுத்த அலாரம் அடித்ததால் யாரோ பம்ப்பை 200-க்கு இறக்கிவிட்டார்கள். கோடு கால் பங்கு விழுந்து 0.39 காட்டுகிறது. முதலையும் கடைசியையும் மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 75 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக வரும். குறைவாகக் கிடைத்த டயாலிசிஸ், காகிதத்தில் சிறந்த டயாலிசிஸாக மாறிவிடும்.

எனவே கோடு படியிறங்கும் ஒவ்வொரு முறையும் மூன்றைப் பாருங்கள்: ரத்த ஓட்டம் மாறியதா, டயாலிசேட் ஓட்டம் மாறியதா, சிரை அழுத்தமும் டயாலைசர் அழுத்தமும் ஏறுகின்றனவா. மூன்றும் அமைதியாக இருந்து கோடு வழுக்கிக்கொண்டு இறங்கினால்தான் ரத்தம் சுத்தமாகிறது என்று நம்பலாம். நாங்கள் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது: கோட்டைப் பார்க்கும் கண் ஒன்று, பம்ப்பைப் பார்க்கும் கண் ஒன்று.

டயாலிசேட் ஓட்டத்தை நாமே மாற்றும்போதும் இதே பொறி. 500-லிருந்து 800-க்கு ஏற்றினால் அதே கழிவு அதிக நீரில் கலந்து நீர்த்துப்போகும். 0.48 காட்ட வேண்டிய இடத்தில் 0.31 காட்டும். 1.60-உடன் நேரடியாக ஒப்பிட்டால் 81 சதவீதக் குறைவு என்று பொய் சொல்லும். உறிஞ்சலை ஓட்டத்தால் பெருக்கி ஒப்பிட வேண்டும்: 1.60 × 500 = 800; 0.31 × 800 = 248. இப்போது குறைவு 69 சதவீதம். இந்த மாற்றங்களை இயந்திரத்தின் மென்பொருள் எந்த அளவு சரிசெய்கிறது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். கையேட்டில் அந்தப் பகுதியைத் தேடிப் படியுங்கள். கையால் கணக்குப் போடுபவர் என்றால் ஓட்டத்தை மாற்றிய நேரத்தைக் கட்டாயம் எழுதுங்கள்.

கோடு ஆரம்பத்திலிருந்தே சோம்பலாக இறங்கினால் கதை வேறு. தமனி ஊசியும் சிரை ஊசியும் மிக நெருக்கமாக இருப்பது, லைன்களை மாற்றி மாட்டியது, ஃபிஸ்துலாவில் (ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) ஓட்டம் போதாதது ஆகியவற்றில் ஏதோ ஒன்றால் சுத்தமான ரத்தமே மீண்டும் டயாலைசருக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கலாம் (மறுசுழற்சி). பம்ப் 300 என்று காட்டும், அழுத்தங்களும் அமைதியாக இருக்கும், ஆனால் உடலுக்குப் பலன் இல்லை. வேறு எந்த எண்ணும் காட்டாத இந்தக் குறையை ஒளிக்கோடு காட்டிக்கொடுக்கும். இந்தச் சென்சாரை நான் மதிக்க முதல் காரணம் இதுதான்.

7. நடுவில் எண் போதாது என்று தெரிந்தால்

இயந்திரம் முடிவில் கிடைக்கப்போகும் கே.டி/வியை முன்கூட்டியே கணித்துச் சொல்லும். ஒரு மணி நேரம் கழியும் வரை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பிறகும் இலக்குக்குக் கீழே நின்றால் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் லைன்களும் ஊசியும். மாற்றி மாட்டியிருந்தால் பொறுப்பு நர்ஸின் மேற்பார்வையில் உடனே சரிசெய்ய வேண்டும், மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான். அடுத்து ரத்த ஓட்டம்: மருத்துவர் எழுதிய அளவு ஓடுகிறதா, தமனி அழுத்தம் தடுக்கிறதா. மூன்றாவது, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின்: பம்ப் ஓடுகிறதா, கிளாம்ப் மூடிக் கிடக்கிறதா, டயாலைசரில் கருமையான கோடுகள் தெரிகின்றனவா. நான்காவதாக டயாலிசேட் ஓட்டம், டயாலைசரின் அளவு.

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. முதல் மூன்றும் இப்போதே கையால் சரிசெய்யக்கூடியவை, விட்டால் நேரம் வீணாகும். கடைசி இரண்டும் பலனில் சிறியவை. இவற்றைச் சரிபார்க்காமல் நேரடியாக “அரை மணி கூட்டலாம்” என்று மருத்துவரிடம் கேட்பது தவறு. கூட்டிய அரை மணியும் அதே அடைபட்ட டயாலைசரில்தான் ஓடும். எல்லாம் சரியாக இருந்தும் எண் குறைவென்றால் நேரத்தைக் கூட்டுவது மருத்துவரின் முடிவு.

8. முடிவில் கணக்கைச் சரிபார்ப்பது

இயந்திரம் சொன்ன எண்ணை மாதம் ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள். கே.டி/வி கணக்கிடும் டாகிர்டாஸ் சூத்திரம் போதும். கடைசி மதிப்பைத் தொடக்க மதிப்பால் வகுத்தால் விகிதம். 0.48 ÷ 1.60 = 0.30. நேரம் 4 மணி, இறக்கிய நீர் 2.5 லிட்டர், முடிவில் எடை 60 கிலோ.

விகிதத்திலிருந்து 0.008 × 4 கழித்தால் 0.268. அதன் இயல் மடக்கையின் குறியை மாற்றினால் 1.32. அடுத்து, 4-லிருந்து 3.5 × 0.30 கழித்தால் 2.95. அதை 2.5 ÷ 60-ஆல் பெருக்கினால் 0.12. கூட்டினால் 1.44.

டயாலிசிஸ் முடிந்த அரை மணி நேரத்தில் திசுக்களிலிருந்து கழிவு மீண்டும் ரத்தத்துக்கு வரும். அதைச் சேர்த்த மதிப்பு வேண்டுமென்றால், ஃபிஸ்துலா உள்ளவருக்கு: 1.44-லிருந்து 0.6 × 1.44 ÷ 4 கழித்து 0.03 கூட்டுங்கள். 1.25 வரும்.

அமெரிக்க தேசிய சிறுநீரக அறக்கட்டளையின் கே.டி.ஓ.க்யூ.ஐ. வழிகாட்டுதல்படி வாரம் மூன்று முறை செய்பவருக்கு ஒவ்வொரு முறையும் ஒற்றைக் குள மதிப்பு குறைந்தது 1.2, இலக்கு 1.4. நம் ஊரில் வாரம் இரண்டு முறை மட்டும் வருபவர்கள் நிறைய. அவர்களுக்கும் 1.2 போதும் என்று எழுதிவிடாதீர்கள். அந்த எண் மூன்று முறைக்கானது. சிறுநீர் எவ்வளவு போகிறது என்பதையும் சேர்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே நினைவூட்டுங்கள்.

9. ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிடுவது

ஒளி இருக்கிறது என்பதற்காக மாதாந்திர யூரியா பரிசோதனையை நிறுத்தக் கூடாது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே சிகிச்சையில் எடுங்கள்.

முன் மாதிரியை ஊசி போட்டதும், சலைனோ ஹெப்பாரினோ போகும் முன் எடுங்கள். சலைன் கலந்தால் யூரியா குறைவாகக் காட்டும், டயாலிசிஸ் மோசமென்று தோன்றும். பின் மாதிரிதான் அதிகம் கெடுவது. பம்ப்பை முழு வேகத்தில் ஓடவிட்டு எடுத்தால், மறுசுழற்சி உள்ளவருக்குச் சுத்தமான ரத்தமே சிரிஞ்சில் வரும். நீர் இறக்குவதை நிறுத்தி, ரத்த ஓட்டத்தை 100 மில்லிலிட்டருக்கு இறக்கி, 15 விநாடி காத்திருந்து தமனி லைனில் எடுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து எடுத்தால் யூரியா திரும்ப ஏறத் தொடங்கியிருக்கும்.

சின்ன வித்தியாசம் எப்போதும் இருக்கும், ஒன்று யூரிக் அமிலத்தைப் பார்க்கிறது, மற்றது யூரியாவை. ஒரு நோயாளிக்கு மாதாமாதம் ஒரே பக்கமாக 0.2-க்கு மேல் விலகினால் நான் மாதிரி எடுத்த விதத்தை முதலில் சந்தேகிப்பேன், பிறகுதான் சென்சாரை. எல்லா நோயாளிகளுக்கும் ஒரே இயந்திரத்தில் மட்டும் விலகினால் சென்சார்தான்.

10. ஒளிக்குத் தெரியாதவை

பொட்டாசியம் இந்த ஒளிக்குத் தெரியாது. பாஸ்பேட்டும் தெரியாது. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதம் யூரியாவைவிட ஏறக்குறைய 200 மடங்கு பெரியது, மிக மெதுவாக இறங்கும், கோட்டிலிருந்து அதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. உடலில் தேங்கிய நீர் உலர் எடைக்கு வந்ததா என்பதும் கோட்டில் இல்லை.

கே.டி/வி 1.5 வந்தவருக்கும் காலில் வீக்கம் இருக்கலாம், பொட்டாசியம் 6.5 இருக்கலாம். அதனால் கோட்டைச் சார்ட்டில் ஒட்டும்போது அதே வரியில் எடை, ரத்த அழுத்தம், பைபாஸில் போன நிமிடங்கள், ரத்த ஓட்டத்தை மாற்றிய நேரம் இவற்றையும் எழுதுங்கள். அடுத்த ஷிஃப்டில் வருபவர் அந்த ஒரு வரியைப் பார்த்து, ஊசி போடும் முன்பே எங்கே கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.